ஜெர்மனியில் மாஸ்டர்ஸ், முதல் செமஸ்டர்: வேலையை எப்போ தேட ஆரம்பிக்கணும்?

கேள்வி:
அக்கா, வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு ஓசூர்ல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில ஒன்றரை வருஷம் தரக்கட்டுப்பாட்டுல இருந்தேன். கெம்னிட்ஸுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து மூணு வாரம் ஆகுது. சீனியர்கள் எல்லாம் "முதல் வருஷம் பரீட்சையை எழுதித் தள்ளு, வேலையை அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்றாங்க. சரியா?

பதில்:
தம்பி, அந்த "எழுதித் தள்ளு" இருக்கே, அதைக் கேட்டாலே எனக்குப் பயமா இருக்கு. நம்ம ஊர்ல அரியர் விழுந்தா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம், அதுலயும் போனா அதுக்கடுத்தது. இங்க பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூணு வாய்ப்புதான். கட்டாயப் பாடத்துல மூணாவதும் போச்சுன்னா படிப்பே முடிஞ்சது. அதே படிப்பை ஜெர்மனியில வேற பல்கலைக்கழகத்துல சேர்ந்தும் தொடர விடமாட்டாங்க. விசா படிப்பை நம்பி நிக்குது. நான் காய்ச்சலோட போய் ஒரு பரீட்சை எழுதி, அது போய், ரெண்டாவதும் போய், மூணாவதுக்கு முந்தின ரெண்டு மாசம் சரியாத் தூங்கவே இல்லை. உடம்பு முடியலைன்னா எழுதப் போகாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கி பரீட்சை அலுவலகத்துல கொடுத்துடுங்க. உங்க படிப்போட பரீட்சை விதிமுறையை (ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்) இந்த வாரமே உக்காந்து படிங்க. முதல் செமஸ்டருக்கு நாலு பாடம் போதும்.

மிச்ச நேரம் ஜெர்மனுக்கும் வெர்க்ஷ்டூடன்ட் வேலைக்கும். அதாவது படிக்கிற துறையிலேயே கம்பெனியில பகுதிநேர வேலை. வகுப்பு நடக்கிற காலத்துல வாரம் 20 மணி நேரம், அதுக்கு மேல போகாதீங்க. வெளிநாட்டு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்ங்கிற கணக்கும் இருக்கு. படிப்புல கட்டாயமா இருக்கிற பயிற்சி அந்தக் கணக்குல சேராது. கிடங்கு வேலையோ சாப்பாடு டெலிவரியோ குறைச்சல் இல்லை. ஊர்ல அப்பா லோன் வட்டி கட்டிட்டிருக்கும்போது யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருஷமும் அதுலயே போச்சுன்னா, படிப்பு முடிஞ்சு விண்ணப்பம் போடும்போது காட்டுறதுக்கு மார்க் ஷீட் மட்டும்தான் இருக்கும்.

உங்க ஓசூர் அனுபவத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கேக்கறீங்களே, அதுதான் உங்க பலம். "தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்"னு ஒரு வரியில முடிச்சுடாதீங்க. என்ன பாகம், எந்த அளவுகோல்ல அளந்தீங்க, எத்தனை 8டி ரிப்போர்ட் (குறையோட காரணத்தைக் கண்டுபிடிச்சு சரிபண்ற எட்டுப் படி அறிக்கை) எழுதினீங்க, குறை எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இதையெல்லாம் எழுதுங்க. 8டி இங்கேயும் அதே 8டிதான்.

இங்க வேலை பார்த்துட்டுக் கிளம்பும்போது ஆர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ்னு ஒரு பணிச் சான்று கேட்டு வாங்கணும், அது சட்டப்படி உங்க உரிமை. நம்ம ரிலீவிங் லெட்டர் மாதிரி நினைச்சு ஃபைல்ல போட்டுடாதீங்க. அதுல நல்ல வார்த்தையிலேயே மார்க் போட்டிருப்பாங்க. "ஷ்டேட்ஸ் ட்சு உன்சரர் ஃபோல்ஸ்டன் ட்சுஃப்ரீடன்ஹைட்", அதாவது "எப்போதும் எங்களது முழுமையிலும் முழுமையான திருப்திக்கு", இதுதான் முதல் தரம். "எப்போதும்" இல்லாம வெறும் "முழுத் திருப்திக்கு"ன்னா சுமார். வெறும் "எங்கள் திருப்திக்கு"ன்னு இருந்தா ஏதோ தேறினார்னு அர்த்தம். என் முதல் சான்றுல அந்தக் கடைசி வரி இருந்தது. பாராட்டுன்னு நினைச்சு வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வருஷம் கழிச்சு கூட வேலை பார்த்த ஒரு ஜெர்மன் தோழிதான் உக்காத்தி வெச்சு விளக்கினாள். கிடைச்சதும் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. திருத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம், தயங்காதீங்க.

மாஸ்டர் தீசிஸைக் கம்பெனியிலேயே பண்ணப் பாருங்க. எனக்கு வேலை கிடைச்சது அந்த வழியிலதான். ஆறு மாசம் சோதனைக் கூடத்துல பார்த்த பொண்ணை இன்டர்வியூல புதுசா எடைபோட அவங்களுக்கு அவசியம் இருக்கல. அப்படி அமையலைன்னாலும் பதற வேண்டாம். படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 18 மாசம் வரைக்கும் அனுமதி கிடைக்கும், அந்தக் காலத்துல எந்த வேலையும் பார்க்கலாம்.

கேள்வி:
நன்றி அக்கா. என் கோர்ஸ் முழுக்க ஆங்கிலம்தான். ஜெர்மன் எவ்வளவு வேணும்?

பதில்:
ரெண்டாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள பி1, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கிற நடுத்தர நிலை. மெக்கானிக்கல்காரங்களுக்கு இதுல தப்பிக்க வழியே இல்லை. மீட்டிங்ல ஆங்கிலம் பேசுவாங்க, ஆனா மெஷின் பக்கத்துல நிக்கிற டெக்னீஷியன் கெம்னிட்ஸ் இருக்கிற சாக்சனி மாநிலத்துப் பேச்சு வழக்குல "இங்க அதிருது"ன்னு சொல்றது புரியலைன்னா நீங்க அங்க எதையும் சரிபண்ண முடியாது. நானும் முதல் வருஷம் ஜெர்மனைத் தள்ளிப்போட்டேன். எழுபது விண்ணப்பத்துக்கு ஒரு இன்டர்வியூகூட வரல. பி1 முடிச்ச மூணாவது மாசம் வெர்க்ஷ்டூடன்ட் வேலை. இங்க படிச்சவங்களுக்கு, படிப்புக்கேத்த வேலையில ரெண்டு வருஷம் இருந்தா நிரந்தரமா இங்கேயே தங்குற அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் பி1 கேப்பாங்க.

பல்கலைக்கழக மொழி மையத்துல வகுப்பு சீக்கிரம் நிரம்பிடும். நாளைக்குக் காலையிலயே போய்க் கேளுங்க. இடம் இல்லைன்னா காத்திருப்புப் பட்டியல்ல பேர் கொடுத்துட்டு, முதல் வகுப்புக்கு நேர்ல போய் வாசல்ல நில்லுங்க. ரெண்டு மூணு பேர் வராம இருப்பாங்க.