மூன்று படங்களைச் சேர்த்தால் சிவப்பு மட்டும் விலகி நிற்கிறது, உதவுங்கள்

கார்முகில்:
அவசரம். ஒரே இடத்தைத் தொலைநோக்கி எடுத்த மூன்று ஃபிட்ஸ் படங்களை, அதாவது வானியல் படக் கோப்புகளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்துச் சேர்த்தேன். பச்சையும் நீலமும் பொருந்துகின்றன, சிவப்பு வேறெங்கோ நிற்கிறது. நாளை மறுநாள் பள்ளிக் கண்காட்சிக்கு அச்சிட வேண்டும்.

நிலா86:
எந்தத் தொலைநோக்கி? எந்த ஃபில்டர்கள்? எதில் சேர்த்தீர்கள்?

சுரபி:
ஸ்ட்ரெட்ச்தான், அதாவது மங்கலானவை தெரிய வெளிச்சத்தை விரிப்பதுதான், காரணமாக இருக்கும். மூன்றுக்கும் தனித்தனியாக லாக் (மடக்கை) அளவு போட்டுப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதில்தான் சிக்கல் வரும்.

நிலா86:
ஸ்ட்ரெட்ச் வெளிச்சத்தைத்தான் மாற்றும் சுரபி, விண்மீனை நகர்த்தாது.

கார்முகில்:
மன்னிக்கவும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, அதிலுள்ள நிர்கேம் என்ற அகச்சிவப்புக் கேமரா, கரினா விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 3324 என்ற விண்மீன் பிறக்கும் பகுதி. ஃபில்டர்கள்: எஃப்090டபிள்யூ (0.9 மைக்ரான் அலைநீளம்) நீலம், எஃப்200டபிள்யூ (2 மைக்ரான்) பச்சை, எஃப்444டபிள்யூ (4.4 மைக்ரான்) சிவப்பு. பைத்தானில் செய்தேன்.

பழைய_லென்ஸ்:
கோப்பின் விவரங்கள் எழுதியிருக்கும் ஹெடரைப் படிக்காமல் கேள்வி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நிர்கேமில் குறுகிய அலைநீளத்துக்கு ஒளியைப் பதியும் டிடெக்டர் தொகுதி ஒன்று, நீண்டதற்கு வேறு. முதலாவதில் பிக்சலுக்கு 0.031 ஆர்க்செகண்ட் (வானத்தில் கோண அளவு, ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு), அடுத்ததில் 0.063. இது அரிச்சுவடி. மூன்றும் ஒரே அளவில் இருந்திருக்காதே, எப்படி அடுக்கினீர்கள்?

கார்முகில்:
ஆமாம் ஐயா, சிவப்பு சிறியதாக இருந்தது. மற்ற இரண்டையும் அதன் அளவுக்கு வெட்டிவிட்டேன்.

நிலா86:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வெட்டியதால் பச்சையும் நீலமும் வானத்தின் கால்வாசிப் பரப்பைத்தான் காட்டுகின்றன, சிவப்போ முழுவதையும் காட்டுகிறது. வெட்டாத கோப்புகளுக்குத் திரும்புங்கள். எந்தப் பிக்சல் வானத்தில் எந்த இடம் என்ற கணக்கு ஹெடரிலேயே இருக்கிறது, டபிள்யூசிஎஸ் என்பார்கள். ரீப்ராஜெக்ட் என்ற பைத்தான் தொகுப்பைக் கொண்டு சிவப்பையும் நீலத்தையும் எஃப்200டபிள்யூவின் பிக்சல் கட்டத்துக்கு மாற்றுங்கள். ஐ2டி என்று முடியும் வெப் படக் கோப்பில் படமும் இந்தக் கணக்கும் எஸ்சிஐ என்ற அறிவியல் தரவுப் பகுதியில் இருக்கும், முதல் ஹெடரில் தேடாதீர்கள்.

சுரபி:
சரி, ஸ்ட்ரெட்ச் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருத்திய பிறகும் விண்மீன்களைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு இருக்கும், பயந்துவிடாதீர்கள். கண்ணாடி அதே 6.5 மீட்டர்தான். அலைநீளம் கூடக் கூட விண்மீன் பரந்து தெரியும். 4.4 மைக்ரானில் அது 2 மைக்ரானில் இருப்பதைப்போல இரு மடங்குக்கும் மேல்.

பழைய_லென்ஸ்:
கண்காட்சியில் இதை நிஜ நிறம் என்று எழுதிவிடாதீர்கள். இவை அகச்சிவப்புப் படங்கள். நிறம் நாம் பூசுவது.

தேனருவி:
பூசுவது என்று சொன்னால் பிள்ளைகள் பொய்ப்படம் என்று நினைப்பார்கள். நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்ற வரிசை மாறவில்லையே.

பழைய_லென்ஸ்:
வரிசை இருந்தால் நிஜமாகிவிடுமா? 1995இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலா என்ற வாயு மேகத்தின் தூண்களில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். அங்கேயும் வரிசை சரிதான். ஆனால் கந்தகம் 673 நானோமீட்டர், ஹைட்ரஜன் 656. கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு.

தேனருவி:
அதனால்தானே பிரித்துக் காட்டினார்கள்! இரண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால் எந்த வாயு எங்கே என்று யாருக்குத் தெரியும்? எந்த நிறம் எந்த ஃபில்டர் என்று படத்துக்குக் கீழே எழுதினால் போதும்.

நிலா86:
கார்முகில், என்ன ஆயிற்று?

கார்முகில்:
பொருந்திவிட்டது. சிவப்பு விளிம்பு இருக்கிறது, சுரபி சொன்னதுபோலவே. ஃபில்டர் பெயர்களைக் கீழே போட்டுவிட்டேன். அச்சுக் கடைக்குக் கிளம்புகிறேன், எல்லோருக்கும் நன்றி.