கென்டக்கி போறேன், ரெண்டு போர்பன் பாட்டில் சொல்லுங்க

வணக்கம் மக்களே. அடுத்த மாசம் வேலை விஷயமா லூயிவில் போறேன். திரும்பும்போது ரெண்டு பாட்டில் போர்பன் (அமெரிக்க விஸ்கி) எடுத்துட்டு வரலாம்னு ஆசை. ஒண்ணுக்கு 60 டாலருக்கு மேல போக மாட்டேன்.

என் ருசியைச் சொல்லிடறேன். வீட்டுல எப்பவும் இருக்கறது வைல்ட் டர்க்கி 101. 50.5 சதவீதம் ஆல்கஹால், பெரிய ஐஸ் கட்டி போட்டாலும் சப்புன்னு ஆகாது. அடுத்தது எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள். அந்த விலைக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல. அதுல 'பாட்டில்ட் இன் பாண்ட்'னு போட்டிருக்கும். 1897ல வந்த சட்டம் அது: ஒரே டிஸ்டிலரி, ஒரே சீசன்ல வடிச்ச சரக்கு, குறைஞ்சது 4 வருஷம் பீப்பாயில, கரெக்டா 50 சதவீதம். அந்த வார்த்தையைப் பார்த்தா கண்ணை மூடிட்டு எடுத்துடுவேன்.

மேக்கர்ஸ் மார்க் எனக்கு ஒத்து வரல. ரை தானியத்துக்குப் பதிலா கோதுமை போடறதால காரமே இல்லாம இனிப்பா நிக்குது. (திட்டறவங்க திட்டிக்கலாம்.)

இப்போ ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலேர்ந்து நிரப்பினது) மேல கண்ணு. அவங்க 2 தானியக் கலவை, 5 ஈஸ்ட் வெச்சு 10 வகை வடிக்கறாங்க. கடைக்காரங்களே தேர்ந்தெடுத்த பீப்பாய்னு விக்கறதுல எந்த வகை நல்லாருக்கும்? ரை தூக்கலா இருக்கற வேற எதுவும் தெரிஞ்சாலும் சொல்லுங்க.

லேசுல கிடைக்காத, விலை எக்கச்சக்கமான பப்பி வான் விங்கிள்னு மட்டும் யாரும் எழுதாதீங்க. குடிக்கத்தான் கேக்கறேன், ஷோகேஸ்ல வைக்க இல்ல.