பண்டார வன்னியன் முகத்தை ஆர் பார்த்தது? (ஆய்வேட்டுக்கு உதவி வேணும்)

மல்லாவிப் பொடியன்:
வணக்கம். இறுதி வருட ஆய்வேட்டுக்கு வன்னியில் உருவப்படங்கள் என்று தலைப்பை எடுத்துவிட்டு இப்போது முழிக்கிறேன். முதல் அத்தியாயத்தில், ஆங்கிலேயரோடு சண்டை பிடித்த வன்னி மன்னன் பண்டார வன்னியன் படத்தைப் போட்டேன், மீசையும் வாளுமாக எல்லாருக்கும் தெரிந்த அந்தப் படம்தான். மேற்பார்வையாளர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இது ஆர் கீறினது, எப்ப கீறினது?" என்னிடம் பதில் இல்லை. வவுனியாக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் நிற்கிற சிலையைப் பார்த்துக் கீறினதா, படத்தைப் பார்த்துச் சிலை செய்ததா, அதுவும் தெரியாது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆவணங்களில் அவரை நேரில் பார்த்துக் கீறிய படம் ஏதும் இருக்குமா? இல்லையென்றால் அந்த அத்தியாயத்தையே தூக்கிவிடவா? இரண்டாவது பாதிக்கு எங்கள் வீட்டுப் பழைய படங்களை நினைத்திருந்தேன், 2009 போரில் எல்லாம் போய்விட்டது, மிஞ்சினது அம்மப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

கனகராயன்:
தம்பி, அத்தியாயத்தைத் தூக்காதேயும், கேள்வியை மாற்றும். பண்டார வன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்தது 1803 ஓகஸ்ட் 25. ஆங்கிலேயப் படையின் கப்டன் ட்றிபேர்க்கிடம் கற்சிலைமடுவில் தோற்றது அதே வருடம் ஒக்டோபர் 31. (அங்கே வெள்ளைக்காரன் நட்ட கல்லில் தோற்கடித்த இடம் என்றுதான் எழுதியிருந்தது, கொன்ற இடம் என்று இல்லை. நாங்கள்தான் சேர்த்து வாசிக்கிறோம்.) கமரா உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல், ஆகவே போட்டோக் கதை அதோடு சரி. கீறின படம் என்று பார்த்தாலும், அந்தக் காலத்தில் துரைமார் கீறினது தங்களுக்கு முன்னால் வந்து இருந்து கொடுத்தவர்களை. காட்டுக்குள் இருந்து அடித்த ஆள் எங்கே போய் இருந்து கொடுக்கிறது?

திருவள்ளுவரையும் ஒருவரும் பார்க்கவில்லை. வேணுகோபால் சர்மா கீறி 1964இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் திறந்துவைத்த படம்தான் இன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடச் சுவர்களிலும் தொங்குகிறது. அது முகத்துக்குச் சாட்சி இல்லை. தாடியும் ஓலையும் எழுத்தாணியுமாக ஒருவரை இருக்கவைக்க வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டுத் தமிழர் ஏன் நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சி. உம்முடைய வன்னியனும் அப்படித்தான். படத்தின் கீழே "கற்பனை உருவம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எந்தக் காலத்தில், ஆர் கேட்டு, எதைப் பார்த்துச் செய்தார்கள் என்று தேடும். சிலை வைத்த காலத்துப் பத்திரிகைகளில் தொடங்கினால் வழி பிடிபடும்.

பழையபடம்:
கனகராயன் ஐயா சொன்னது சரி, ஆனால் நேரில் எடுத்த படம் என்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். யூலியா மார்கரெட் கமரூன் என்ற பெயர்பெற்ற படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே செத்தவ. களுத்துறையில் இருந்த நாட்களில் தோட்டத்து வேலையாட்களை நிற்கவைத்து எடுத்திருக்கிறா, அதில் தமிழரும் உண்டு. 1877இல் மரியான் நோர்த் என்ற ஓவியர் விருந்தாளியாக வந்தபோது அவவையும் எடுத்தா. இன்றைக்கு அருங்காட்சியகத்தில் தேடினால் நோர்த்துக்குப் பெயர், ஊர், வரலாறு எல்லாம் கிடைக்கும். மற்றப் படங்களின் கீழே "இளம் பெண், இலங்கை", "களுத்துறைக் குடியானவர் கூட்டம்". முகம் நல்ல தெளிவு, ஆள் ஆர் என்று தெரியாது. அதே கமரா, அதே ஊர். எனக்கு இதைப் பார்க்கிற நேரமெல்லாம் எரிச்சல்தான் வரும்.

அதனால் அம்மப்பாவின் படத்தைச் சின்னப் படம் என்று ஒதுக்காதீர்கள். 600 டிபிஐ (dpi) தெளிவில் டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் பண்ணுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கறையைத் துடைக்க வேண்டாம், மூலத்தை அப்படியே வைத்துவிட்டுப் பிரதியில் என்னவும் செய்யலாம். பெயர், ஊர், எந்த வருடம், ஆர் வைத்திருந்தது, எப்படித் தப்பினது என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை எண்ணிமமாக்கினது, அதைப் பார்த்தால் விவரம் எழுதுகிற முறை விளங்கும். இங்கே என்றால், இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்குகிற நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்தைப் பாருங்கள்.

முறிகண்டி அக்கா:
நான் ஆய்வுக்காரி இல்லை, ஆனால் அடையாள அட்டைப் படம் என்றதால் எழுதுகிறேன். எங்கள் அப்பா ஆயுளுக்கும் எடுத்த ஒரே படம் அதுதான். அவர் போனபிறகு ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் பெருப்பிக்கக் கொடுத்தோம். அவங்கள் கழுத்துக்குக் கீழே வேறு ஆரோ ஒருத்தரின் கோட்டையும் டையையும் ஒட்டி, பின்னால் நீல வானமும் போட்டுத் தந்தாங்கள். அப்பா சாரத்தைத் தவிர வேறொன்றும் கட்டினதை நான் காணவில்லை. அம்மா பார்த்துவிட்டு "ஆரடி இந்தத் துரை" என்றா. ஆனாலும் அதுதான் இன்றைக்கும் சுவரில் இருக்கிறது, விளக்கும் அதுக்கு முன்னால்தான். கனகராயன் அண்ணை சொல்கிற கற்பனை உருவம் எங்கள் வீடுகளிலும் இருக்கிறது, அதையும் எழுதும் தம்பி.

அப்புறம் ஒன்று. கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இலிருந்து அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு போராட்டத்தில் இருந்தார்கள். அதுகளிலும் எத்தனையோ இப்படிப் பெருப்பித்த படங்கள். படம் எடுக்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு எங்கோ ஒரு கட்டுரையில் "ஒரு தாய்" என்று வரும். பிள்ளையின் பெயர் தட்டியிலேயே எழுதிக் கிடக்கும், அதை விட்டுவிட்டு அழுகிற முகத்தைப் போடுவார்கள். நீரும் போவீர் என்றால் முதலில் கேட்டுவிட்டு எடும். பெயர் போடவா வேண்டாமா என்பதையும் அவையளிடமே கேளும், போடவேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பழையபடம்:
அக்கா சொன்னதோடு ஒரு சின்னத் திருத்தம். நான் பெயர் எழுதச் சொன்னது உங்கள் வீட்டுப் பதிவில். வெளியே விடுகிற பிரதி வேறு கதை, அதற்கு அனுமதி கட்டாயம் வேணும்.

மல்லாவிப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. கோட்டுக் கதையை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு எழும்பிப் போய்த் துணிப்பெட்டிக்குள் இருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தா. அம்மப்பாவின் அட்டை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அவவின் பழைய அட்டையும் உள்ளே இருக்கிறது. போர் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாம் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனதாம். பிளாஸ்டிக் உறை படத்தோடு ஒட்டிப்போய் இருக்கிறது. பழையபடம் அண்ணை, உறையைக் கழற்றாமல் அப்படியே ஸ்கேன் பண்ணலாமா?

பழையபடம்:
கழற்றவே வேண்டாம், படமும் சேர்ந்து உரிந்துவிடும். ஸ்கேனரில் உறை பளபளத்தால் யன்னல் பக்கம் வைத்து, வெயில் நேரே படாமல், நேர் மேலே இருந்து போனில் எடுங்கள்.