ஹாஸ்டல் அறையில் இரண்டு பேர் பேசும் காட்சி: குறும்படம் எடுத்தவர்கள் சொல்பவை

திட்டமிடல்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களின் முதல் குறும்படத்தில் அடிக்கடி வரும் காட்சி இது. ஹாஸ்டல் அறை, இரண்டு நண்பர்கள். தேர்வுக் கட்டணம் கட்டவில்லை என்பதை ஒருவன் மற்றவனிடம் சொல்லியாக வேண்டும். தாளில் ஒன்றரைப் பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் திரையில் இரண்டு நிமிடம்கூட வராது. ஆனால் எடுக்க ஆகும் நேரத்தைப் பக்கத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது, செட்டப்பை, அதாவது கேமராவையும் லைட்டையும் ஒவ்வொரு முறை அமைப்பதை, வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

மாஸ்டர் (முழுக் காட்சியும் அகலமாக) ஒன்று, தோள்மேல் ஷாட் (ஒருவன் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவன் முகம்) இரண்டு, க்ளோஸ்-அப் இரண்டு, கதவைத் திறந்து வருவது ஒன்று, இன்சர்ட் (கையோ பொருளோ மட்டும் நெருக்கமாக) இரண்டு. ஆக எட்டு செட்டப். லைட்டை மாற்ற வேண்டியதற்கு 40 நிமிடமும், லென்ஸ் மட்டும் மாறுவதற்கு 20 நிமிடமும் ஒதுக்குங்கள். ஒத்திகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும்.

வசன வரிசைப்படி எடுத்தால் இந்தக் கணக்கு இரண்டு மடங்காகும். முதலில் மாஸ்டர். அடுத்து ஒருவன் முகம் தெரியும் பக்கத்தின் தோள்மேல் ஷாட், க்ளோஸ்-அப் இரண்டையும் முடித்துவிட்டு, அதன் பிறகு லைட்டைத் திருப்பி மற்றவன் பக்கம். இன்சர்ட்டுக்கு நடிகர்களின் முகம் தேவையில்லை, கை போதும். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். அழ வேண்டிய க்ளோஸ்-அப் இருந்தால் மட்டும் வரிசையை உடைத்து முன்னால் கொண்டுவரலாம். கடைசி மணி நேரத்தில் யாருக்கும் அழுகை வராது.

கேமரா

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். போன் தானாக நொடிக்கு 30 ஃப்ரேம், 1/60 நொடி ஷட்டர் என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று கையால் வைத்துப் பூட்டுங்கள். போனாக இருந்தால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். அதில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டலாம். எச்டிஆரை (அதிகப் பிரகாச வித்தியாசத்தோடு பதிவாகும் வீடியோ முறை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட்டில் நிறம் வெளிறியோ எரிந்தோ வந்து நிற்கும்.

ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், அறையின் வெள்ளை டியூப்லைட் ஒரு பக்கம் என்று கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறத்திலும் இன்னொரு கன்னம் வேறு நிறத்திலும் விழும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினாலே முகம் நிறையும். சூரியன் நகரும் என்பதால் ஜன்னல் தெரியும் மாஸ்டரையும் அகல ஷாட்டுகளையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். க்ளோஸ்-அப்பில் ஜன்னல் தெரியாது; ஒரு எல்இடி பேனலும் மெல்லிய வெள்ளைத் துணியும் இருந்தால் மாலையிலும் அதே வெளிச்சத்தைக் கொண்டுவரலாம்.

இருவரையும் இணைத்துத் தரையில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். இரண்டு தோள்மேல் ஷாட்டுக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், ஒரே உயரம். ஹாஸ்டல் அறை சின்னது என்பதால் இடம் இல்லாமல் கோட்டைத் தாண்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கட்டிலை நகர்த்துங்கள், கோட்டைத் தாண்டாதீர்கள்.

ஒலி

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு ஒலியில் விழும் படங்கள்தான் அதிகம். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். ஃபேன் சத்தம் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒவ்வொரு அளவில் பதிவாகும். வெட்டும் இடத்திலெல்லாம் அது தாவுவது காதில் உறுத்தும். டேக் முடிந்ததும் ஃபேனைப் போட்டு வியர்வையைத் துடைத்துவிட்டு அடுத்த டேக்குக்குப் போகலாம். வீட்டில் எடுப்பதாக இருந்தால் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். கிளம்பும்போது மறுபடி போட மறக்க முடியாது.

கேமராவின் சொந்த மைக்கை, எடிட்டில் ஒலியைப் பொருத்தப் பார்க்கும் ரெஃபரன்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூம் மைக் (நீளக் கழியில் பிடிக்கும் மைக்) ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, தலைக்கு மேலிருந்து நெஞ்சை நோக்கி, அரை மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். காலர் மைக் என்றால் தாடைக்குக் கீழே ஒரு சாண். விறைப்பான சட்டை உரசும் சத்தத்தைப் பின்னால் எடுக்கவே முடியாது, முன்பே டேப் ஒட்டுங்கள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மைனஸ் 18க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் நடுவே ஓடட்டும். கத்தும் வசனம் இருந்தால் ஒத்திகையிலும் முழுக் குரலில் கத்தச் சொல்லி அளவை வையுங்கள்.

க்ளோஸ்-அப் எடுக்கும்போது கேமராவுக்கு வெளியே இருப்பவர் இவர் வசனத்தின் மேல் ஏறிப் பேசக் கூடாது. ஏறிவிட்டால் அந்த இடத்தில் வெட்ட வழியில்லை. எல்லாம் முடிந்ததும், யாரும் வெளியே போவதற்கு முன், ஒரு நிமிடம் அனைவரும் அசையாமல் நின்று அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே உள்ள ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைக்க முடியும். வாகன ஹாரனில் கெட்டுப்போன வரிகளை அதே இடத்தில், கேமரா இல்லாமல், இன்னொரு முறை சொல்லவைத்து வாங்கிக்கொண்டால் டப்பிங் செலவு மிச்சம்.

எடிட்டிங்

படத்தையும் தனியாகப் பதிவான ஒலியையும் பொருத்த எடிட்டருக்கு முதலில் வேண்டியது கிளாப். அது இல்லாவிட்டால் கையைத் தட்டினாலும் போதும், ஆனால் கை ஃப்ரேமுக்குள் தெரிய வேண்டும். கிளாப்புக்குப் பிறகு மூன்று நொடி விட்டு ஆக்‌ஷன், வசனம் முடிந்து ஐந்து நொடி கழித்து கட். அந்த வால் பகுதியில் நடிகர் தன்னையறியாமல் கொடுக்கும் பார்வைதான் பல சமயம் காட்சியின் நல்ல தருணமாக அமைகிறது.

கேட்பவரின் முகத்தையும் முழு வசனத்துக்கும் எடுத்து வாருங்கள். இந்தக் காட்சியின் கனம் கேட்பவனிடம்தான் இருக்கிறது. "நான் ஃபீஸ் கட்டலடா" என்ற வரியைச் சொல்பவன் மேல் வைத்தால் செய்தி. கேட்பவன் மேல் வைத்தால் காட்சி. அடுத்தவரின் குரல் பத்து ஃப்ரேம் முன்னதாக நுழைந்து, முகம் பிறகு வந்தால் பிங்பாங் போலத் தெரியாது.

போன் கிளிப்புகளில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. தனி ரெக்கார்டரின் ஒலி தொடக்கத்தில் உதட்டோடு பொருந்திப் பிறகு மெல்ல விலகினால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், கிளிப்பை எடுத்த அதே வேகத்துக்கு, நிலையான ஃப்ரேம் ரேட் என்று தேர்ந்து மாற்றிய பிறகே டைம்லைனில் போடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை இறக்கும் முன்பே புராஜெக்ட் 25 ஃப்ரேமா என்று பாருங்கள். இறக்கிய பின் அதை மாற்ற விடாது.

கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்ப்பது) பற்றி ஒரு கூடுதல் குறிப்பு

யாராவது ஒருவர் போனில் ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் ஒரு படம் எடுக்கட்டும்: டீ கிளாஸில் எவ்வளவு டீ, எந்தக் கையில், சட்டைக் கை மடிப்பு, சுவர்க் கடிகாரத்தின் முள். கடிகாரத்தைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. குடிப்பது, எழுவது போன்ற அசைவுகள் எந்த வார்த்தையில் நடக்கின்றன என்று சீன் பேப்பரிலேயே கோடு போடுங்கள். அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு தெரியாது. ஆனால் இரண்டு ஷாட்டிலும் ஒரே வார்த்தையில் எழுந்திருந்தால்தான் அது முடியும்.

கார்டை அழிக்கும் முன் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்று அரை நாளைக்கே தாங்காது.