மறு: ‘அவுட் ஆஃப் மெமரி’க்குத் தமிழ்ச் சொல் – ‘நிரம்பியது’ வேண்டாம், ‘போதவில்லை’ இருக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளின் பிழைச்செய்திகளைத் தமிழாக்கும் இந்த இழையில், கம்ப்யூட்டரின் நினைவகம் போதாமல் வேலை நிற்கும்போது வரும் ‘அவுட் ஆஃப் மெமரி’க்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ‘நினைவகம் நிரம்பியது’, ‘நினைவகம் தீர்ந்தது’, ‘நினைவகப் பற்றாக்குறை’. முதலாவதற்குத்தான் ஆதரவு அதிகம். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். அழகில்லை என்பதற்காக அல்ல. அந்தச் சொல் எடிட்டரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

சேலத்தில் கல்யாண வீடியோ வேலை பார்க்கும் ஸ்டுடியோக்களில் ‘மெமரி’ என்ற ஒரே சொல் மூன்று பொருளுக்கு ஓடுகிறது. கேமராவில் போடும் கார்டும் மெமரி, ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருக்கும் இடமும் மெமரி, வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ரேமும் மெமரி. பேச்சில் இதனால் தொல்லை இல்லை. பேசுகிறவர் கையில் இருப்பதைப் பார்த்தே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். திரையில் ஒற்றை வரியாக வரும்போது அந்த வசதி கிடையாது. எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோ கோப்பாக எழுதி எடுப்பது) பாதியில் நின்று ‘மெமரி ஃபுல்’ என்று வந்தால், பலரும் முதலில் டிஸ்கில் எதையாவது அழிக்கத்தான் போகிறார்கள். அப்படி அழித்ததில் முகூர்த்தத்தின் மூலப் பதிவே போய்விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தாலி கட்டியதைப் பார்க்க அவர்களுக்கு இப்போது ஆல்பம் மட்டும்தான் இருக்கிறது. அழித்த பிறகும் எக்ஸ்போர்ட் அதே இடத்தில்தான் நின்றது, ஏனென்றால் குறை ரேமில் இருந்தது. மண்டபத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்தால் பந்தியில் ஒரு இலைகூடக் கூடுதலாகப் போட முடியாதல்லவா? டிஸ்கும் ரேமும் அப்படித்தான்.

ரேம் ஏன் போதாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஃபிரேமுக்கு ஏறக்குறைய 33 மெகாபைட். நிறத் திருத்தத்துக்காக ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட்டில் கணக்கிட்டால் புள்ளிக்கு 16 பைட் ஆகி, ஃபிரேம் 133 மெகாபைட்டைத் தொடும். டிஸ்கில் இருப்பது சுருக்கிய கோப்பு. அதைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது. ஸ்டில் போட்டோக்களிலும் இதே கதை. 24 மெகாபிக்சல் கேமராவின் ஜேபெக் டிஸ்கில் பத்து மெகாபைட் இருக்கலாம். விரித்தால் 96 மெகாபைட். ஆல்பப் படங்களை அப்படியே டைம்லைனில் வரிசையாகப் போட்டு ஸ்லைடுஷோ செய்தால், வீடியோவைவிடப் படங்களே ரேமை அதிகம் கேட்கும். 1920 × 1080 வீடியோவுக்கு 6000 × 4000 அளவுப் படம் தேவையே இல்லை. சிறிதாக்கிவிட்டுப் போட்டாலே பல எக்ஸ்போர்ட்டுகள் முடிந்துவிடும்.

அப்புறம் ஏற்காட்டு வேலை. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்கு ஜோடிகள் மலைக்குத்தான் போகிறார்கள்: ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட். விடியற்காலை மூட்டத்தில் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றி எடுப்பதால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதை நீக்கும் எஃபெக்ட், முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை ஒப்பிட்டு வேலை செய்கிற வகையாக இருந்தால், பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 4 ஜிபி கார்டு அங்கேதான் திணறுகிறது. தனி கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் ரேமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்கினாலும் இந்தக் குறை தீராது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இதற்குத் தனியாகவே ‘ஜிபியு மெமரி ஃபுல்’ (ஜிபியு என்பது கிராபிக்ஸ் கார்டின் செயலி) என்று சொல்லி, டைம்லைன் ரெசல்யூஷனைக் குறைக்கச் சொல்கிறது. இடத்தைப் பிரித்துச் சொல்வது நல்லதுதான். ஆனால் அந்த ‘ஃபுல்’ அங்கேயும் இருக்கிறது.

‘டிஸ்கை அழித்தபோது எனக்குச் சரியானதே’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வதும் நடக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கின் ஒரு பகுதியை மெய்நிகர் நினைவகமாக எடுத்துக்கொள்ளும். டிஸ்கிலும் இடமில்லையென்றால் அது வளர முடியாது. அப்போது டிஸ்கில் இடம் விட்டால் எக்ஸ்போர்ட் நகரும். பென்டிரைவில் நேரடியாக எக்ஸ்போர்ட் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் நின்றுவிடும். இது ரேமும் அல்ல, இடப் பற்றாக்குறையும் அல்ல. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீரும். இப்படி நாலு காரணங்கள் ஒரே ‘மெமரி’க்குள் பதுங்கியிருக்கும்போது, தமிழிலாவது அவற்றைப் பிரித்துக் காட்ட நமக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘நினைவகம்’ பாடப்புத்தகம் வரை வேரூன்றிய சொல். அதைத் தொட வேண்டாம். ஆனால் பிழைச்செய்தியில் அதைத் தனியாக விடக் கூடாது, முன்னால் ஓர் அடைமொழி வேண்டும். ரேமுக்கு அகராதிகள் தரும் ‘தற்போக்கு அணுகு நினைவகம்’ பொறியியல் மாணவருக்கு உதவும். எந்த முகவரியையும் எந்த வரிசையிலும் அணுகலாம் என்பது எடிட்டருக்கு எதற்கு? வேலை நடக்கும்போது, வேலைக்காகப் பிடித்துக்கொள்ளும் நினைவகம் இது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ‘பணிநினைவகம்’ என்று முன்வைக்கிறேன். கிராபிக்ஸ் கார்டில் இருப்பது ‘வரைகலை நினைவகம்’. டிஸ்க், கார்டு, பென்டிரைவ் எல்லாம் ‘சேமிப்பகம்’. இந்த மூன்றையும் எந்தச் செய்தியிலும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடாமல் இருந்தால், பாதி வேலை முடிந்தது.

வினைச்சொல்லில்தான் எனக்கு அதிகப் பிடிவாதம். ‘நிரம்பியது’ என்றதும் கை தானாகக் காலி செய்யப் போகும். ‘தீர்ந்தது’ என்றால் செலவாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று பொருள்படுகிறது. ரேம் அப்படிச் செலவாவதில்லை; பின்னால் திறந்திருக்கும் பிரௌசரை மூடினாலே கணிசமாகத் திரும்பக் கிடைக்கும். ‘பற்றாக்குறை’ பொருளில் சரியானது. உதவிப் பக்கத்தின் தலைப்பாகவும் சொல்லடைவிலும் அதுவே இருக்கட்டும். திரையில் வரும் வாக்கியத்துக்கு ‘போதவில்லை’ வேண்டும். ‘இந்த எக்ஸ்போர்ட்டுக்கு’ என்பதையும் அதோடு சேர்த்தே எழுத வேண்டும். இந்த வேலைக்குப் போதவில்லை என்றால், வேலையைச் சிறிதாக்கலாம் என்ற வழி அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது.

‘எக்ஸ்போர்ட்’டை ‘ஏற்றுமதி’ ஆக்குவதா என்ற விவாதத்தைத் தனி இழைக்குக் கொண்டுபோகலாம். என் ஓட்டு எக்ஸ்போர்ட்டுக்கே.

‘கலைச்சொல் இறுக்கமாக இருக்க வேண்டும், போதவில்லை என்பது பேச்சுச் சொல்’ என்ற மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-இல், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், தாவரவியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு அது சொற்கள் ஆக்கியது. அந்த ஊர்க்காரன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் வகுப்பறைக்குப் போகும் சொல்லை ஆசிரியர் விளக்குவார். எக்ஸ்போர்ட் நின்ற இரவில், காலையில் பென்டிரைவ் வாங்க வீட்டார் வரப்போகும் நேரத்தில், எடிட்டர் பக்கத்தில் விளக்க யாருமில்லை. அங்கே சொல்லே விளக்கமாகவும் இருக்க வேண்டும். ‘நினைவகக் கசிவு’ (எடுத்த ரேமைச் செயலி திருப்பித் தராமலே இருப்பது, ‘மெமரி லீக்’) எதிர்ப்பில்லாமல் நிலைத்ததற்குக் காரணமும் இதுதான். குழாய் கசிவதும் கூரை கசிவதும் யாருக்குத் தெரியாது?

ஆகவே என் முன்மொழிவு இப்படி. ரேம் குறைந்தால்: ‘இந்த எக்ஸ்போர்ட்டுக்குப் பணிநினைவகம் போதவில்லை. திறந்திருக்கும் மற்ற செயலிகளை மூடுங்கள். பெரிய படங்களைச் சிறிதாக்குங்கள். அல்லது வீடியோவைப் பகுதி பகுதியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கோப்புகளை அழிக்க வேண்டாம்.’ கார்டில் குறைந்தால்: ‘இந்த எக்ஸ்போர்ட்டுக்கு வரைகலை நினைவகம் போதவில்லை. இரைச்சல் நீக்கம் போன்ற எஃபெக்ட்டுகளைக் குறையுங்கள், அல்லது கிராபிக்ஸ் கார்டைத் தவிர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.’ டிஸ்கில் இடமில்லை என்றால் மட்டும்: ‘சேமிப்பகத்தில் இடமில்லை.’

‘கோப்புகளை அழிக்க வேண்டாம்’ என்ற வரி மூலச் செய்தியில் இல்லை, மொழிபெயர்ப்பாளர் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கூடாது என்போர் ‘பணிநினைவகம்’ என்ற சொல்லையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். ‘வரைகலை நினைவக’த்தைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால், தொகுப்பை அனுப்புவதற்கு முன் இங்கே எழுதுங்கள்.