முட்டுக்கட்டையா, பீலிவாயா, குறுமடையா?

ஹட்டனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கான கொம்பியூட்டர் கையேட்டில் கிராஃபிக்ஸ் கார்ட் அத்தியாயம் ஒரு சொல்லால் தேங்கி நிற்கிறது. மெதுவான ஒரு பாகம் மொத்த வேகத்தையும் இழுத்துப் பிடிப்பதைச் சொல்கிற "பொட்டில்நெக்" என்பதற்கு வரைவில் "முட்டுக்கட்டை" என்று போட்டிருக்கிறோம். அது வேண்டாம் என்பது என் வாதம்.

முட்டுக்கட்டை என்பது சில்லு உருளாமலிருக்க வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கிற கட்டை. எடுத்தால் வண்டி ஓடும். கொம்பியூட்டரில் அப்படி எடுத்தெறிய ஒன்றும் கிடையாது. இருக்கிற பாகங்களில் எது மெதுவானதோ அதன் வேகம்தான் மொத்த வேகம். அதை மாற்றினால் அடுத்த மெதுவான பாகம் அந்த இடத்துக்கு வந்துவிடும். முட்டுக்கட்டை என்று படிக்கிற பிள்ளை, கார்டை மாற்றினால் எல்லாம் சரி என்று நம்பி அப்பாவின் காசோடு கொழும்புக்கு பஸ் ஏறும்.

நம் பக்கம் அதிகம் ஓடுவது அலுவலகங்களில் கழித்து வந்த பிராண்ட் மெஷின்கள். ஐ5-6500, ஒற்றைத் துண்டு 8 ஜிபி ரேம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆர்எக்ஸ் 6600 கார்ட் போட்டால் என்ன ஆகும்? நாலு கோர், நாலு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கிற வேலைத்தொடர்) மட்டுமே உள்ள புரொசெசர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஃபிரேம்) கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை கார்ட் சும்மா காத்திருக்கும். பெரிய நகரம் வருகிற கேம்களில் கார்டின் பயன்பாடு 60, 70 சதவீதத்தில் நிற்கும். கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு தூங்குகிறது என்று அர்த்தம். இதைச் சரியாகச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, "பீலிவாய்" எப்படி? பீலி என்றால் நாம் தண்ணீர் பிடிக்கிற குழாய். மேலே தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குடத்தில் விழுவது பீலியின் வாய் விடுகிற அளவுதான். லயத்துப் பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை.

சொல் எதுவானாலும், கண்டுபிடிக்கிற வழி அதே பக்கத்தில் இருக்கவேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது. முதலில் கேமின் அமைப்பில், சட்டகத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டுகிற வி-சிங்க்கையும் சட்டக வரம்பையும் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் கார்ட் செக்கனுக்கு 60 சட்டகத்தில் தானாகவே நின்றுவிடும், புரொசெசர்மேல் வீண்பழி விழும். பிறகு ஆஃப்டர்பேர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து கார்டின் பயன்பாட்டையும், புரொசெசரின் ஒவ்வொரு திரெட்டையும் தனித்தனியாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கார்ட் 95க்கு மேல் நின்றால் பீலிவாய் கார்ட்தான். கார்ட் குறைவாக நின்று, ஏதாவது ஒரு திரெட் நூறைத் தொட்டால் அது புரொசெசர். மொத்த சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நாலு திரெட்டில் ஒன்று நிரம்பி மற்றவை பாதி ஓடினாலும் சராசரி 60, 65 என்றுதான் காட்டும்.

உறுதிப்படுத்த, திரையளவை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். சட்டக எண்ணிக்கை ஏறினால் கார்டின் பாரம் குறைந்திருக்கிறது, அதாவது பீலிவாய் கார்ட்தான். அசையவே இல்லையென்றால் புதுக் கார்ட் வாங்கிப் பயனில்லை. அந்தக் காசில் இன்னொரு 8 ஜிபி ரேம் துண்டு போடுவது நல்லது. டிடிஆர்4-2133 ஒற்றைத் துண்டில் செக்கனுக்கு 17 ஜிபி, இரட்டைத் துண்டில் 34 ஜிபி. புரொசெசர் பட்டினி கிடப்பது பல மெஷின்களில் இந்த ஒற்றைத் துண்டால்தான்.

கண்டியிலிருந்து:

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். முட்டுக்கட்டையை விடவேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். பீலிவாய் அழகான சொல், ஆனால் நம் மலையை விட்டு இறங்கினால் நிற்காது. தமிழ்நாட்டில் பீலி என்றால் மயிற்பீலிதான் நினைவுக்கு வரும். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிற பிள்ளைக்கும் இதே கையேடுதான் போகப்போகிறது.

"கணவாய்" என்று ஒரு யோசனை எனக்கே இருந்தது. கடுகண்ணாவையில் எல்லா வாகனமும் ஒரு வாயால்தானே ஏறுகிறது. ஆனால் கரையோரத்தில் கணவாய் என்றால் கறிச்சட்டிக்குப் போகிற கணவாய் மீன். விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை "குறுமடை". மடை நீரைத் தடுப்பதற்காக இருப்பதல்ல, எவ்வளவு போகவேண்டும் என்று அளப்பது. வாய்க்கால் முழுவதிலும் குறுகிய மடை எதுவோ, வயலுக்குப் போகிற நீரை அதுதான் தீர்மானிக்கும். "மடைமாற்றம்" ஏற்கெனவே பத்திரிகைத் தமிழில் புழங்குகிறது. ஆகவே ஒரு பாகத்தை மாற்றியதும் நெருக்கடி இன்னொன்றுக்கு நகர்வதை "குறுமடை மாற்றம்" என்று அப்படியே சொல்லிவிடலாம். வேறு எந்தச் சொல்லிலிருந்தும் இவ்வளவு சுலபமாக அடுத்த சொல் பிறக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்து எழுதவேண்டும். எல்லாக் குறைபாட்டையும் குறுமடை என்று சொல்லக்கூடாது. மின்சாரம் குறுமடை அல்ல. பவர் சப்ளை போதாவிட்டால் கேம் மெதுவாக ஓடாது, மெஷின் பட்டென்று நின்றுவிடும். அது வரம்பு. மதர்போர்டில் கார்டைச் செருகுகிற துளை வழியே ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பவர் சப்ளையிலிருந்து வருகிற ஆறு முள் கேபிள் இன்னொரு 75, எட்டு முள் 150. ஆறு முள் இல்லையென்று, ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தருகிற சாட்டா கேபிளில் மாற்றி மாட்டுவது ஆபத்து. சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கே அமைந்தது, அதற்குமேல் இழுத்தால் உருகும். இந்த இடத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

சேர், அப்படியென்றால் கார்டின் நினைவகம்? 4 ஜிபி நிரம்பினால் மெஷின் நிற்பதில்லை, கேம் விக்கி விக்கி ஓடுகிறதே. அது வரம்பா, குறுமடையா?

கண்டியிலிருந்து:

நல்ல கேள்வி, அதில்தான் இந்தச் சொல்லின் பலம் தெரியும். நினைவகம் கொள்ளளவு. அது நிரம்பி வழிந்தால், வழிந்த தரவு போர்டிலுள்ள ரேமில் போய் உட்காரும். ஒவ்வொரு தடவையும் கார்டையும் போர்டையும் இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வந்து போகவேண்டும். அப்போது குறுமடை அந்தப் பாதைதான்.

ஆர்எக்ஸ் 6400ஐ எடுங்கள். சொந்த நினைவகத்தோடு செக்கனுக்கு 128 ஜிபி பேசுகிற கார்ட். போர்டோடு பேச அதற்கு நாலு பாதை மட்டுமே உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் போர்டில் அந்த நாலும் சேர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ 8 ஜிபி தரும். ஐ5-6500 ஓடுகிற மூன்றாம் தலைமுறைப் போர்டில் 4 ஜிபிதான். 128 ஓடிய இடத்தில் 4 ஓடினால் விக்காமல் என்ன செய்யும்? பெட்டியில் இதை யாரும் எழுதமாட்டார்கள். எட்டுப் பாதையும் 6 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3050இன் 70 வாட் வகை அதே மெஷினில் நிம்மதியாக ஓடும். அதற்கும் தனிக் கேபிள் வேண்டாம். ஆனால் அந்தப் பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு, அது 130 வாட், கேபிள் கேட்கும். பெயரைச் சொல்லி வாங்காமல் வாட்டையும் ஜிபியையும் சொல்லி வாங்கவேண்டும்.

ஹட்டனிலிருந்து:

சேர், எனக்குப் பூரண சம்மதம். ஒரேயொரு உறுத்தல்: குறுமடை, குறுமடல் இரண்டுக்கும் முடிவில் மட்டும்தான் வித்தியாசம். அச்சுப்பிழை வந்தால் கடிதமாகிவிடும். ஆனால் இரண்டும் ஒரே வசனத்தில் வரப்போவதில்லை, சமாளிக்கலாம். வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் நீர் மாற்றிவிடுகிற பிள்ளைகளுக்கு மடை புதிதுமல்ல. பீலியை விளக்க வசனத்துக்குள் வைத்துக்கொள்கிறேன், தம்பியின் உழைப்பு வீண்போகாது.

வெப்பத்தையும் வரம்புப் பக்கம் சேர்க்கிறேன். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகைதான், கார்ட் சூடேறி வேகம் குறைப்பது கொழும்பைவிட அரிது. அதற்காக விலையுயர்ந்த மூன்று விசிறி வகை வாங்கத் தேவையில்லை.

பதிவு இப்படிப் போகட்டும்:

குறுமடை: ஒரு தொகுதியில் தரவோ வேலையோ மிகக் குறைந்த அளவில் கடந்து போகிற இடம். மொத்த வேகத்தை இதுவே தீர்மானிக்கும். பீலியின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் குடத்தில் விழும் என்பதைப் போல. வழக்கு: "இந்த மெஷினில் புரொசெசர்தான் குறுமடை." "ரேம் போட்டதும் குறுமடை கார்டுக்கு மாறியது." நின்றுபோவதையும் அணைந்துபோவதையும் சூடேறி வேகம் குறைவதையும் இச்சொல்லால் குறிக்கவேண்டாம், அவற்றுக்கு "வரம்பு".

பதிவின் கீழேயே வாங்கப்போகிறவருக்கு நாலு வரி: பவர் சப்ளையின் பக்கவாட்டு ஒட்டியில் மொத்த வாட்டையும் 12 வோல்ட் அம்பியரையும் படியுங்கள். ஆறு முள், எட்டு முள் கேபிள் இருக்கிறதா பாருங்கள். மெல்லிய பெட்டியென்றால் குட்டைக் கார்டும், அதோடு அதைப் பெட்டியில் பொருத்துகிற குட்டைத் தகடும் கேளுங்கள். பழைய கார்டென்றால் காசு கொடுக்கமுன், கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து பாருங்கள். பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐயை 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பதுண்டு, போலியென்றால் அந்த மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து "ஃபிரேம் டைம்". சட்டக நேரம் என்று வரைவில் இருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.