கொலை நடந்த ரைஸ்மில்லில் பேய்ப்படம்: போகலாமா, கூடாதா?

சாரல்மழை:
நம்ம பக்கம் மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில். சில வருஷத்துக்கு முந்தி அங்க ஒரு கொலை, கேஸ் முடிஞ்சு தீர்ப்பும் வந்தாச்சு. இப்ப நெல்லு காயப்போடுற களத்துல திரை கட்டி ராத்திரி 11 மணிக்குப் பேய்ப்படம் போடப்போறாங்களாம். நோட்டீஸ்ல ‘நிஜ ரத்தம் சிந்துன இடத்தில்’னு கொட்டை எழுத்து. டிக்கெட் 150, இடம் 200 பேருக்கு. போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை புரொஜெக்டர்:
தாராளமாப் போலாம். 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சியில ரயில் பெட்டிக்குள்ள வச்சுத்தான் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டாரு. அந்த ஸ்டேஷன்ல இன்னைக்கு வடை தின்னுக்கிட்டே வண்டி மாறுதோம். யாரும் கூசுறதில்ல.
என் கவலை, காசு கொடுத்தவனுக்குப் படம் தெரியுமாங்கிறது. பேய்ப்படத்துல பாதி சீன் இருட்டு. 20க்கு 12 அடி திரைன்னா 240 சதுர அடி. புரொஜெக்டர் பெட்டி மேல 5,000 லூமென்னு (அது உமிழுற வெளிச்சத்தோட அளவு) போட்டிருந்தாலும், கலர் ஒழுங்கா வர்ற மோடுல பாதிதான் தேறும். சதுர அடிக்குப் பத்து. தியேட்டர் கணக்கு பதினாலு, அதனால பத்து மோசமில்ல. கெடுக்கிறது தெருவிளக்கு. திரையில 2 லக்ஸ் வெளிச்சம் விழுந்தாலே வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம்தான் மிஞ்சும். கறுப்பெல்லாம் சாம்பலாப் போயி, இருட்டுல பதுங்கி நிக்கிற பேயே கண்ணுக்குப் படாது. ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரை கட்டினா விளக்கு பின்னால விழும். அதுக்கும் பின்துணி கறுப்பா இருக்கணும், இல்லேன்னா ஊடுருவி வரும்.

கயத்தாறு காத்து:
முதுகைக் காட்டுறது இருக்கட்டும்வே, எந்த மாசம்? ஆனி ஆடின்னா திரையே நிக்காது. எங்க ஊர்ல காத்தாலைய அழகுக்கா நட்டுருக்காவ? அந்தத் திரை 22 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து அதை 130 கிலோ போலத் தள்ளும். 54 ஆனா 300 கிலோ. வேகம் ஒண்ணரை மடங்குதான், தள்ளு ரெண்டேகால் மடங்கு. கம்பு ஊனி நாலு மூலையும் விறைப்பா இழுத்துக் கட்டுவானுக, முதல் அடியிலேயே கொக்கி பிஞ்சிரும். அடிப்பக்கத்தை சைக்கிள் டியூப் போட்டுக் கட்டினா காத்து வரும்போது விட்டுக்கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையும் ஆகாது. மழை விட்ட ராத்திரி ஈசல் பூராவும் லென்ஸ் முன்னாலதான் பறக்கும். மாசி பங்குனி நல்ல நேரம்.

பொருநைக்கரையாள்:
அண்ணாச்சிமார் ரெண்டு பேரும் திரை கட்டி முடிச்சிட்டீய. கேட்டது போகலாமான்னு.
ஆஷ் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த ஸ்டேஷன்ல அவர் வீட்டாளுக யாரும் குடியில்ல. 1999 ஜூலை 23-ல மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்துல தடியடி நடந்து, தாமிரபரணி ஆத்தோரம் கொக்கிரகுளத்துல 17 பேர் செத்தாங்க. இன்னைக்கும் வருஷாவருஷம் அதே நாள் ஆத்துல பூத்தூவுறாங்க. அந்தக் கரையில டிக்கெட் போட்டுப் பேய்ப்படம் ஓட்டச் சொல்லுங்க பார்ப்போம். வருஷக் கணக்கு எனக்கு முக்கியமில்ல, அழுற ஆள் பக்கத்துல இருக்கா இல்லையாங்கிறதுதான். சாரல்மழை, செத்தவங்க வீடு எங்க இருக்கு?

சாரல்மழை:
மில்லுக்கு மேற்கே, அடுத்த தெரு. நூத்திச் சொச்சம் மீட்டர் இருக்கும்.

வில்லுக்குடம்:
தாயி, கொலை நடந்த இடத்துல கொலைக்கதை சொல்லுறது நமக்கு என்ன புதுசா? நம்ம சீமைச் சாமியில பாதி வெட்டுப்பட்டுச் செத்தவுகதான். முத்துப்பட்டன் மாட்டுக்கள்ளர் கையால செத்தாரு. காரையாறு சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயனா நிக்காரு, ஜனம் செருப்பு செஞ்சு காணிக்கை போடுது. கொடையில, அதான் கோயில் விழாவுல, விடிய விடிய வில்லுப்பாட்டுல அந்தக் கொலையப் பாடுதாவ. பொம்பளைப் பிள்ளைக எல்லாம் கேட்டுத்தான் வளருது. அது பயம் காட்டலையா?

பொருநைக்கரையாள்:
காட்டும். ஆனா வெட்டினவன் யாரு, எதுக்கு வெட்டினான், செத்தவன் பக்கம் நியாயம் என்னன்னு பேர் சொல்லிப் பாடுவாவ. செத்தவருக்குப் பீடம் போட்டு, படையல் வச்ச பிறகுதான் பாட்டே. வரி கொடுத்து நடத்துறதும் அந்தச் சனம்தான். இந்த நோட்டீஸ்ல செத்தவரு யாரு? ரத்தக்கறை. ஓட்டுற படத்துக்கும் அந்தக் கொலைக்கும் ஒரு ஒட்டுறவும் கிடையாது.

வில்லுக்குடம்:
ஒட்டுறவு இல்லாதது நல்லதுதானே. அவுக கதையவே படமா ஓட்டினாத்தான் வினை.

கோர்ட்டுவாசல்:
சட்டம் மட்டும் சொல்லுறேன். 11 மணின்னு போட்டதிலேயே ஷோ படுத்துருச்சு. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கிடையாது. பண்பாட்டு, சமய விழாவுக்கு அரசு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம 12 மணி வரை தளர்த்தலாம். டிக்கெட் ஷோவை அதுல நுழைக்க முடியாது. பங்குனியில ஏழேகாலுக்கு இருட்டிரும். அப்ப ஆரம்பிச்சா ரெண்டேகால் மணி நேரப் படம் ஒன்பதரைக்கு முடியும்.
அடுத்தது, படம் காட்ட லைசன்ஸ் கொடுக்கிறவர் கலெக்டர், 1955-ம் வருஷச் சட்டம். ‘ஏ’ சர்டிபிகேட்னா 18 வயசுக்குக் கீழ உள்ள விடக்கூடாது. களத்துச் சுவர் மேல ஏறி உக்காரும் பயலுகளை யார் இறக்குவா? வீட்டு ஓடிடி கணக்குல டவுன்லோடு பண்ணினதை இங்க ஓட்டவும் முடியாது, பொதுக்காட்சி உரிமை தனியா வாங்கணும்.
‘இன்னார் ஆவி இங்க உலாவுது’ன்னு அந்தப் பேருக்குக் களங்கம் வர்ற மாதிரி எழுதினா, வீட்டார் மனசைப் புண்படுத்தணும்னே எழுதினதா நிரூபணமானா, செத்தவரைப் பத்தினதுன்னாலும் அவதூறுதான். இப்ப இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356. பாலியல் வன்கொடுமைக் கேஸா இருந்தா அந்தப் பேரையே போடக்கூடாது, அதே சட்டம் பிரிவு 72.

பாளை புரொஜெக்டர்:
ஏழேகால், சரி. நோட்டீஸ்ல அந்த வரியை எடுத்திரலாம். அப்புறம் என்ன தப்பு?

கயத்தாறு காத்து:
மில்லுன்னா நெல்லு ஊறப்போடுற தொட்டி இருக்கும், கொதிகலன் குழி இருக்கும். இருட்டுல ஒரு அலறல் வந்தா 200 பேரும் ஒரே பக்கம் துள்ளுவாவ. பிளாஸ்டிக் சேரை நாலு நாலாக் கட்டிப்போடணும். தொட்டியைப் பலகை போட்டு மூடி, முன்னால கயிறு கட்டணும். வாசல் ரெண்டு, அதுல பேட்டரி விளக்கு அணையாம எரியணும். வெள்ளைச்சேலை கட்டி ஊடால ஆள் இறக்குற கிறுக்குத்தனம் மட்டும் வேண்டாம், தொட்டிக்குள்ளதான் விழுவானுக.

பொருநைக்கரையாள்:
வரியை எடுத்தா அந்த இடம் எதுக்கு? கல்யாண மண்டபத்துக் களம் இல்லையா? அதை விடுங்க, சத்தத்தைச் சொல்லுங்க. ஒரு மீட்டர்ல 100 டெசிபல் வச்சா, தூரம் ரெண்டு மடங்காக ஆக ஆறு குறையும். 120 மீட்டர்ல 58. குடியிருப்புக்குப் பகல் அளவே 55. அலறல் சராசரிக்கு மேல 15 எகிறும். அந்த வீட்டுக்குள்ள கொலை நடந்த திசையில இருந்து அலறல் கேக்கும்.

பாளை புரொஜெக்டர்:
ஸ்பீக்கரைக் கிழக்கே திருப்பிடலாமே. பின்பக்கம் பத்து டெசிபலாவது குறையும்.

பொருநைக்கரையாள்:
அலறல் குறையும். பேஸ், அந்த அடிக்குரல் சத்தம்? 40 ஹெர்ட்ஸ் அலைநீளமே எட்டரை மீட்டர், ஸ்பீக்கரை எங்க திருப்பினாலும் நாலு பக்கமும் போகும். கதவை அடைச்சாலும் சுவர் தாண்டி வரும். பேய் வர்றதுக்கு முந்தி உறுமுற சத்தம் பூரா அதுலதான் இருக்கு.

பாளை புரொஜெக்டர்:
அந்த பேஸுக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர், சப்வூஃபர், அது இல்லாமப் போட்டா பேய்ப்படமே இல்ல.

சாரல்மழை:
நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாலு சப்வூஃபராம். மேற்குத் தெருவுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலையாம். நான் போகலை.

வில்லுக்குடம்:
கேக்காம வச்சது தப்புத்தான் தாயி. கொடைக்கே நாள் குறிக்கிறதுக்கு முன்ன ஊர்க்கூட்டம் போட்டுத்தான் கேப்பாவ.